மலைக்கு முதுகு காட்டிய பஸ்

சாலம்மாளின் வலது கால் காலையிலிருந்து அந்த பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. மிதிக்க மிதிக்க அது ராகிக் களியில் கால் வைத்ததுபோல் பொதபொதவென்று உள்ளே போய், கடைசியில் பலகையில் முட்டித்தான் நின்றது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த டிரைவர் சென்னிமலை "மிதிங்க அம்மணி" என்றால் மிதிப்பாள், "விடுங்க" என்றால் விடுவாள். இடையில் அவன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திறப்பான். திருகில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக எண்ணெயும் காற்றுக் குமிழியும் சோடா பாட்டிலுக்குள் கொப்பளித்துக்கொண்டு இறங்கும். குமிழி நின்றுவிட்டால் காற்றெல்லாம் போயிற்று, பெடல் கல்லாகிவிடும் என்று கோயமுத்தூரில் சாமான் விற்றவன் சொல்லியிருந்தான். குமிழியும் நிற்கவில்லை, பெடலும் கல்லாகவில்லை.

ஒரு பெண்பிள்ளை பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரேக் மிதிக்கிறாள் என்றால் ஊருக்கு அதைவிட வேடிக்கை வேண்டுமா? திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற ரோட்டோரம் அவள் வீடு. கிளுவை வேலிக்கு வெளியே வருகிறவர் போகிறவர் எல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே வந்து ஒரு கை கொடுக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. அவளுடைய கொழுந்தன் அப்புசாமி யாரையும் போகக்கூடாது என்று தடுத்ததில்லை. நாலு ஊர்ச் சந்தைக்கும் கடலைக்காய் மூட்டை ஏற்றி அனுப்புகிறவன் அவன். அவன் முகம் கோணினாலே ஊருக்குப் புரிந்துவிடும்.

மறுநாள் காலையில் மோட்டார் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். வண்டியை அவரே ஓட்டிப் பார்ப்பார். பிரேக் பிடித்தால் பெர்மிட் சாலம்மாளிடம் இருக்கும். பிடிக்காவிட்டால் அது கையைவிட்டுப் போகும். வாங்கிக்கொள்ள அப்புசாமி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அவன் அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. வீட்டுக்கே வந்து, மோரும் வாங்கிக் குடித்துவிட்டு, நங்கையா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி, பேசாமல் பழைய கம்பியையே மாட்டிவிட்டு வண்டியை என்னிடம் விடுங்கள் என்று அண்ணன் பெண்டாட்டிக்கு நல்லது செய்கிற குரலில் சொல்லிப் போனான்.

அந்தக் கம்பிகள் கொட்டகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பழைய பிரேக் கம்பிப் பிரேக். பெடலை மிதித்தால் நீள நீளமான இரும்புக் கம்பிகள் நாலு சக்கரத்தையும் இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் ஊற்றி ஓடியவரைக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் எல்லாரையும்போல அவள் புருஷன் தங்கசாமியும் பஸ்ஸின் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினான். அடுப்பின் பாரத்தில் வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். அத்தனை பாரத்தை நிறுத்தக் கம்பிக்குத் திராணி இல்லை. ஒரு சந்தை நாள் காலையில், கரடு என்று சொல்கிற பாறைக் குன்றின் இறக்கத்தில் பஸ் பிடி இல்லாமல் ஓடி, அடிவாரத்து வளைவில் பாறையில் போய் முட்டியது. ஏறியிருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அப்போது கண்டக்டராக இருந்த சென்னிமலைக்குக் கை ஒடிந்து கூடியது. தங்கசாமி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விட்டான்.

ஊர் அதற்குக் கம்பியைக் குற்றம் சொல்லவில்லை. ஊருக்கு வேறு காரணம் கிடைத்தது. சாலம்மாளின் மாமனார் அந்த பஸ்ஸை வாங்கிய நாளில் ஒரு வழக்கம் வைத்தார். வண்டி வாசலில் நிற்கும்போது கிழக்கே திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமிக்கு முதுகு காட்டக் கூடாது. வாசலோ மலைப்பக்கம் மேடு, ரோட்டுப்பக்கம் பள்ளம். ரோட்டிலிருந்து நேராக ஏறி வந்து மலையைப் பார்த்து நிறுத்துவார்கள், காலையில் ஒரு சூடம் காட்டிவிட்டுப் பின்னாலேயே இறக்கி எடுத்துப் போவார்கள். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் தங்கசாமி வண்டியைத் திருப்பி, மலைக்கு முதுகு காட்டி நிறுத்தினான். மறுநாள் செத்தான். அப்புறம் ஊருக்குக் கேட்க வேண்டுமா?

அதில் ஒன்று யாருக்கும் தெரியாது. அந்தச் சாயங்காலம் வண்டி திரும்பி நின்றதை சாலம்மாள் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டாள். சொல்லியிருந்தால் திருப்பி நிறுத்தியிருப்பார், உயிரோடு இருந்திருப்பார் என்ற எண்ணம் முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் பாறையில் மோதி நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்த நாளிலிருந்து, அது மலையைப் பார்த்து நிற்கிறதா என்று தினமும் அவளே வந்து பார்ப்பாள். அரை முழம் கோணி நின்றாலும் சென்னிமலையை விடமாட்டாள். அவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நேராக்குவான்.

ஆனால் சாமிக்குப் பயந்தவள் கம்பிக்குப் பயப்படவில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளைப் பிரித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சென்னிமலையை அனுப்பி, ஒரு லாரியின் எண்ணெய்ப் பிரேக்கை முழுசாக வாங்கி வரச் செய்தாள். இதில் கம்பி கிடையாது. பெடலை மிதித்தால் பலகைக்கு அடியில் ஒரு சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியாகப் போய் நாலு சக்கரத்தையும் பிடிக்கும். உள்ளே துளி காற்று இருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்று அமுங்கிக்கொண்டு பெடல் தொளதொளக்கும். சென்னிமலை மாட்டத்தான் மாட்டினான். ரப்பரை மாற்றினான், மூட்டுகளை இறுக்கினான், ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை எடுத்தான். காற்று எங்கிருந்துதான் வருகிறதோ, வந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் தாண்டியதும் சென்னிமலை வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் எண்ணெய். முந்தாநாள் பாதிப் பிடியோடு வெள்ளோட்டம் போனபோது கரட்டு இறக்கத்தில் இறங்க இறங்கப் பெடல் தானாக மேலே வந்ததென்றும், சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, எதற்கும் இன்னொரு தடவை என்று காற்று எடுத்ததும் மறுபடி படுத்துக்கொண்டதென்றும் சொன்னான். கடைசியில் குரல் இறங்கிப்போய், கம்பியையே மாட்டிவிடலாமா என்று கேட்டான்.

"நான் செத்தாலும் அது இந்த வண்டியில ஏறாது" என்றாள் சாலம்மாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பான்.

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் வழி தெரியவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். பெடலுக்குக் கீழே கழற்றி வைத்திருந்த பலகைச் சந்து வழியாகக் குனிந்து, திறந்து கிடந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தாள். சிலிண்டரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் டப்பா அது. அங்கிருந்துதான் எண்ணெய் இரண்டு சின்னத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். பார்த்தவள் அப்படியே இன்னும் குனிந்தாள். டப்பாவில் எண்ணெய் பின்பக்கமாக ஒதுங்கி நின்றது. முன்பக்கத் துளை எண்ணெய்க்கு வெளியே வாயைத் திறந்துகொண்டு தெரிந்தது. காலை நீட்டி ஒரு மிதி மிதித்து விட்டாள். அந்தத் துளை சளக்கென்று காற்றை உள்ளே இழுத்தது.

சென்னிமலையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். பிறகு வண்டியின் மூக்கைப் பார்த்தான். பின்னால் தொங்கும் அடுப்பைப் பார்த்தான். வாசல் மேட்டைப் பார்த்தான். அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வேலிக்கு வெளியே கேட்டிருக்கும். அடுப்பின் பாரத்தில் வண்டி ஏற்கெனவே மூக்கைத் தூக்கி நிற்கிறது. அதை மேட்டைப் பார்த்து நிறுத்தினால் இன்னும் தூக்கும். எடுக்கிற காற்று ஒரு பக்கம் போக, துளை வழியாகப் புதுக் காற்று ஒரு பக்கம் ஏறுகிறது. ஏறினது சிலிண்டரின் முன்கோடியில், இருப்பதிலேயே உசரமான இடத்தில் போய்ச் சவுகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. இறக்கத்தில் மூக்கு கவிழ்ந்ததும் அது துளைக்கு வந்து வெளியே போயிருக்கிறது. காற்றுக்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போயிற்றே என்று சென்னிமலை நொந்துகொண்டான்.

ஆகவே வண்டியின் மூக்கு கீழே போக வேண்டும். அடுப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கலாம். ஆனால் கழற்றி மறுபடி மாட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து போயே போய்விடுவார். ரோடு தட்டையானது. கரட்டு இறக்கத்துக்குப் போகலாமென்றால் பிரேக்கே இல்லாத வண்டியை எதை நம்பி அங்கே கொண்டு போவது? பாக்கி இருப்பது இந்த வாசல்தான். அதில் வண்டியைத் திருப்பி, மூக்கை ரோட்டுப் பள்ளத்துக்கும் பின்பக்கத்தை மலைக்குமாக நிறுத்த வேண்டும்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மலையைப் பார்க்காமல் இருந்தார்கள். சாலம்மாளுக்குப் பயமாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாகத் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்ட கயிறு அது. ஆனால் பிடிக்காத பிரேக் எப்படி இருக்கும் என்பதை அவள் காலே காலையிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு இந்தக் காலோடு போய் அப்புசாமியிடம் பெர்மிட்டைக் கொடுப்பதா? அவன் அதே கம்பியை மாட்டி, அதே அடுப்பைத் தொங்கவிட்டு, அதே இறக்கத்தில் யாரையோ ஓட்டச் சொல்வான்.

"அடுப்பைப் பத்த வை, சென்னிமலை" என்றாள்.

கரி பிடித்து, புகை நன்றாக வரும்வரை அவளே அடுப்பை ஊதிவிடும் காற்றாடியின் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள். ஊர் மொத்தமும் அந்தப் புகையைப் பார்த்தது. சென்னிமலை கைப் பிரேக்கை இழுத்து இழுத்துப் பிடித்தபடி, கியரை முதல் பல்லுக்கும் ரிவர்ஸுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டு, வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக வண்டியைத் திருப்பினான். அவள் சக்கரத்துக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். கடைசியில் பஸ் தன் கரிப்பிடித்த பின்புறத்தை மலைக்குக் காட்டி, மூக்கை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. இடி விழவில்லை. வேலிக்கு வெளியே யாரோ ஒரு பெண் "ஐயோ சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது மட்டும் கேட்டது.

சென்னிமலை திருகு திறக்கிற சாவியை எடுத்துக்கொண்டு முன்பக்கமாக அடியில் நுழைந்தான். அப்போதுதான் சாலம்மாள் அதைக் கவனித்தாள். வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மூக்கு மேற்கைப் பார்த்து நின்றதால் சாயங்கால வெளிச்சம் முன்பக்கமாக நுழைந்து, வண்டிக்கு அடியில் கடைசிச் சக்கரம்வரைக்கும் பளிச்சென்று பாய்ந்தது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் வெளிச்சத்தைப் பின்னால் தொங்கும் அடுப்பு மறைத்துக்கொள்ளும். அடியில் வேலை செய்ய சென்னிமலை அரிக்கேன் விளக்குக் கேட்பான். இன்றைக்குக் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் பிரேக்கை விளக்கில்லாமல் பார்க்கலாம்.

அவள் குனிந்து, சாகிறதுக்கு முந்தின சாயங்காலம் உங்க மொதலாளி வண்டியை எதுக்குத் திருப்பினார் என்று கேட்டாள்.

சென்னிமலை படுத்தபடியே அவளைப் பார்த்தான். "கம்பியப் பாக்கத்தானுங்க அம்மணி. வாரப்பவே பிரேக் சரியாப் புடிக்கலீன்னு சொல்லிட்டே வந்தாரு. சாவியக் கையில எடுத்துக்கிட்டு அடியில பூந்தாரு. நான் ஊட்டுக்குப் போயிட்டனுங்க. உங்களுக்குத் தெரியும்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

அவளுக்கு எப்படித் தெரியும்? பருப்பு கொதித்துக்கொண்டிருந்ததே. ஆனால் இன்னொன்று இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அப்புசாமி வந்தான். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று குரலை உயர்த்திப் பேசினார்கள். உள்ளே இருந்தவளுக்கு 'சந்தை, சந்தை' என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. அண்ணன் தம்பிக்குள் இது எப்போதும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டாள்.

பெயரை நினைத்து முடிப்பதற்குள் அவனே வந்துவிட்டான். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். துண்டு தோளில் நிற்காமல் அப்புசாமி வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான், பின்னால் ஊரில் பாதி. அண்ணனைத் தின்றது போதாதா, வம்சத்தையே அழிக்கப் பார்க்கிறீர்களா, உடனே வண்டியைத் திருப்புங்கள், மலைச்சாமி பொறுக்காது என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். வந்தவர்கள் ஆமாம் என்பதுபோல் நின்றார்கள்.

சாலம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னாள். "மலைமேல நிக்கிறதுல பாதி பொம்பளைங்க, தம்பி. அந்தப் பாதிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க எனக்கு ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. பிரேக் புடிக்கலீன்னு உங்க அண்ணன் அன்னிக்கு இந்த வாசல்ல வெச்சு உங்ககிட்டச் சொன்னாங்களா, இல்லையா?"

அப்புசாமி பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் அவன் முகத்தைப் பார்த்து நடந்த ஊர் அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தில் ஒரு பதிலைத் தேடியது.

"சந்தை நாளுங்க நங்கையா" என்றான் கடைசியில். "மூட்டையெல்லாம் கட்டிக் கெடந்துது. ஒரே ஒரு நாளைக்கு ஓட்டீட்டு அப்பறம் பாருன்னுதான் சொன்னேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை; அவன் எதிரில் அழக் கூடாது என்பதில் அவ்வளவு வைராக்கியம். இரண்டு வருஷமாகத் தான் சுமந்தது தன் பாவமே இல்லை என்று தெரிந்த நிம்மதியும், இதை ஒளித்துவைத்துக்கொண்டு சாமிமேல் பழி போட்டானே என்ற கோபமும் ஒன்றாக வந்தன. குனிந்து பலகைச் சந்தைப் பார்த்தாள். டப்பாவில் எண்ணெய் இப்போது முன்பக்கம் சேர்ந்திருந்தது. முன்துளை எண்ணெய்க்குள் முழுகியிருந்தது.

மிதிக்கட்டுமா என்று கீழே பார்த்துக் கேட்டாள். முழுசாக மிதிக்க வேண்டாம், பொத்தினாற்போல் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி விடச் சொன்னான் சென்னிமலை. அவன் சாவிக் கட்டையால் சிலிண்டரைத் தட்டிக்கொடுத்தான். அவள் பெருவிரலால் அமுக்கி விட்டாள். டப்பாவுக்குள் ஒரு குமிழி வந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் சோறு கொதிக்கிறபோது வருகிற மாதிரிக் குமிழிகள் வரிசையாக வந்தன. இவ்வளவு காற்று இத்தனை நாளும் அந்த முன்கோடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஏய்த்திருக்கிறது. குமிழிகள் சின்னதாகி, அரிதாகி, நின்றன. நாலு சக்கரத்திலும் மறுபடி காற்று எடுத்தார்கள். பாட்டிலுக்குள் வெறும் எண்ணெய் நூலாக இறங்கியது.

சாலம்மாள் பெடலை மிதித்தாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, திண்ணென்று நின்றது. எழுந்து நின்று, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு மிதித்தாள். அது அசையவில்லை. அப்புசாமி எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

காலையில் வந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனுஷர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கரட்டு இறக்கத்துக்குப் போகலாம் என்றார். சாலம்மாளும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். சோதனைக்குப் போகிற வண்டியில் வேறு யாரும் ஏறக் கூடாது என்றார் அவர். பிடிக்காத வண்டியில் என் புருஷன் போனார், பிடிக்கிறதா என்று நான் உட்கார்ந்து பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்றாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

இறக்கத்தின் பாதியில், அடுப்பின் பாரம் பின்னாலிருந்து தள்ள, வண்டி வேகம் எடுத்தது. அடிவாரத்துப் பாறை தெரிந்தது. அதில் இன்னும் பஸ்ஸின் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது. சாலம்மாள் கண்ணை மூடவில்லை. இன்ஸ்பெக்டர் காலை வைத்து அழுத்தினார். அடுப்பு ஒரு தரம் படாரென்று ஆடியது, கரித்தூள் பறந்தது, வண்டி பாறைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. இறங்கிய இன்ஸ்பெக்டர் சக்கரம் இழுத்த தடத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்றார். சாலம்மாள் இறங்கிப்போய் அந்தப் பச்சை வர்ணத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்போதுதான் அழுதாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அன்றைக்கே வண்டி ஓடியது. சாயங்காலம் கடைசி நடை முடிந்து வாசலுக்குள் நுழையும்போது, சென்னிமலை பழக்கத்தில் மேட்டைப் பார்த்து ஏற்றப் போனவன், நடுவில் நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான்.

"எப்படிங்க அம்மணி நிறுத்தறது?"

வேலிக்கு வெளியே நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சாலம்மாள் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல எந்தப் பக்கம் போகோணுமோ, அந்தப் பக்கம் பாத்து நிறுத்து."

அவன் திருப்பி நிறுத்தினான். சாயங்கால வெயில் வண்டிக்கு அடியில் பாய்ந்தது. சாலம்மாள் கொட்டகைக்குள் போய்ச் சுவரிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவந்து, குனிந்து, அந்த வெளிச்சத்தில் வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அடைகல் வைக்கிற இடத்தில் முட்டுக்கொடுத்து வைத்தாள்.